ரத்தம் கொடுக்கலாம், விற்கும் நிலை வரக்கூடாது

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கூட்டமைப்புச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருஷா வருஷம் இந்த மேடையில் நான் வரவு செலவு அறிக்கைதான் வாசிப்பேன். இந்த வருஷம் அறிக்கையை அச்சடித்து உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் வேறு ஒரு விஷயம் பேசட்டுமா என்று தலைவர் அக்காவிடம் கேட்டேன். "என்ன விஷயம்?" என்றார்கள். "ரத்தம்" என்றேன். "ரத்ததான முகாமைப் பத்தியா?" என்றார்கள். "அதுவும் உண்டுக்கா. அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றேன்.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு சாயங்காலம். எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். பேர் சொல்ல மாட்டேன். இதைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அமெரிக்காவில் ஒரு பெண் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறாள். கையில் ஊசி. பக்கத்தில் ஒரு மெஷின் சுற்றுகிறது. ஒரு பாட்டிலில் மஞ்சளாக ஏதோ சேர்கிறது. "வாரம் ரெண்டு தடவை பிளாஸ்மா கொடுக்கிறேன், அதுல வர்ற காசுதான் என் வீட்டு மளிகைச் செலவுக்கு" என்று அந்தப் பெண் சொல்வதைக் கீழே தமிழில் போட்டிருந்தார்கள்.

"அக்கா, இதை நம்ம பக்கம் எங்க எடுக்கறாங்க? வாரம் ரெண்டு நாள் சேலம் போயிட்டு வந்தா, தவணையைக் கட்டிரலாம் இல்ல?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆள் அவளிடம் பேசியிருக்கிறான். "பிளாஸ்மா எல்லாம் இங்க இல்ல. ரத்தம் கொடு, ரெண்டாயிரம் வாங்கித் தர்றேன். யார் கேட்டாலும் நோயாளிக்குச் சொந்தக்காரின்னு சொல்லணும்" என்று சொல்லியிருக்கிறான்.

அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவள் உடம்புக்கே ரத்தம் போதாது. அதையும் ஒருவன் விலை பேசியிருக்கிறான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த ஆளை எனக்குத் தெரியும். அதே ஆளை இல்லை. அவனைப் போல ஒருவனை, நான் அஞ்சாவது படிக்கும்போதே தெரியும்.

இதை இதுவரைக்கும் எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை. எங்கள் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கினார். என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தண்டல்காரரிடம் ஐந்நூறு ரூபாய் கடன் வாங்கினார். எழுபத்தைந்தைப் பிடித்துக்கொண்டு நானூற்று இருபத்தைந்துதான் கையில் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தால் மண்டியில் வேலை இல்லை. ஆனால் தண்டல்காரர் மழையிலும் சைக்கிளில் வந்துவிடுவார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கடைசியில் அப்பாவை ஒரு புரோக்கர் ரத்தம் விற்கக் கூட்டிப் போனான்.

அந்தக் காலத்தில் அது ஊரறிந்த தொழில். ஆஸ்பத்திரிப் பக்கத்து டீக்கடையில் காலையிலேயே ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். புரோக்கருக்குப் போக அப்பா கைக்கு எழுபது ரூபாய் வரும். ஒரு டீ, ஒரு பன், ஒரு வாழைப்பழம். பன்னை அப்பா சாப்பிட மாட்டார். எங்களுக்காகக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவார். அது எங்கிருந்து வந்த பன் என்று தெரியாமல் நானும் தம்பியும் அதற்குச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் மூன்று மாசமாவது விட வேண்டும். தண்டல்காரர் மூன்று மாசம் பொறுப்பாரா? அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பெயர், ஒரு புது ஊர். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புரோக்கர் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுப்பான். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நான்தான் அதைப் படித்துச் சொல்லிப் பழக்குவேன். "உங்க பேர் என்ன?" என்று நான் கேட்பேன். அப்பா யோசித்து யோசித்துச் சொல்வார். தப்பாகச் சொன்னால் நான் சிரிப்பேன். அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

அப்படியே ஒன்றரை வருஷம் போனது. ஒரு நாள் லாரியிலிருந்து மூட்டையோடு பலகையில் இறங்கும்போது தலை சுற்றி விழுந்தார். இடுப்பில் அடி. அதற்குப் பிறகு அவர் மூட்டை தூக்கவே இல்லை. ரத்தம் விற்ற காசில் கடன் அடைந்ததா? இல்லை. கடன் இருந்தது, கூலி போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் பக்கத்தில் மகளிர் குழு ஆரம்பித்தார்கள். நம் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, பிறகு சேலம் உள்ளிட்ட மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா வாரம் ஐந்து ரூபாய் சேமிப்புப் போட்டார்கள். குழுவில் வாங்கிய முதல் உள்கடன் ஐந்நூறு ரூபாய். அதைக் கொண்டுபோய்த் தண்டல்காரரிடம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு வந்து, அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுதார்கள். "இது ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று மட்டும் சொன்னார்கள். மீதியைச் சொல்லவில்லை.

சரி, பழைய கதையை விடுகிறேன். அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. மருத்துவர் அம்மாவிடமும், கல்லூரியில் படிக்கும் என் மகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பிளாஸ்மா என்ற வார்த்தை கொரோனா காலத்தில்தான் நம் காதில் விழுந்தது. 2020-இல் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கியே திறந்தார்கள். ரத்தத்திலிருந்து சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் மிஞ்சுகிற இளமஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. நம் ரத்தத்தில் பாதிக்கும் மேல் அதுதான். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஆனால் அதில் கரைந்திருக்கும் புரதங்கள் விலைமதிப்பில்லாதவை. ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயாளிகளுக்கான மருந்து, தீக்காயக்காரர்களுக்குக் கொடுக்கும் ஆல்புமின், எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கான மருந்து எல்லாம் அதிலிருந்து எடுப்பதுதான். நெகட்டிவ் குரூப் தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பிறகு போடுகிறார்களே ஆன்டி-டி ஊசி, அதுவும் பெரும்பாலும் பிளாஸ்மாவிலிருந்துதான் தயாராகிறது. நம்மில் சில பேர் உடம்பில், முகம் தெரியாத யாரோ கொடுத்த பிளாஸ்மா போயிருக்கும்.

அமெரிக்காவில் இதற்குப் பணம் கொடுத்து வாங்குவது சட்டப்படி நடக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு, ஹங்கேரி நாடுகளிலும் உண்டு. ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றி, பிளாஸ்மாவை மட்டும் பிடித்துக்கொண்டு, சிவப்பணுவைத் திரும்ப உடம்புக்கே செலுத்திவிடுவார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தையும் புரதத்தையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 முதல் 70 டாலர் கிடைக்கும். உலகத்தில் மருந்துக்காகச் சேர்கிற பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது என்கிறார்கள். அதனால் அந்த வீடியோவில் பார்த்த பெண் பொய் சொல்லவில்லை. அவள் செய்வது தப்பான காரியமும் இல்லை. அவள் கொடுப்பதால் எங்கேயோ ஒரு பிள்ளை பிழைக்கிறது.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்க. அமெரிக்காவில் வாரத்துக்கு இரண்டு தடவை கொடுக்கலாம். வருஷத்துக்கு 104 தடவை. ஜெர்மனியில் வருஷத்துக்கு 60 தடவைக்கு மேல் கூடாது. இங்கிலாந்தில் காசு கிடையாது, தானமாகக் கொடுப்பதுதான். அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். மனுஷ உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதானே? ஒரு ஊரில் 104, இன்னொரு ஊரில் 60, வேறொரு ஊரில் 26. காசு புழங்குகிற இடத்தில் கணக்கு தாராளமாக இருக்கிறது.

அங்கே கொடுக்கப் போகிறவர்கள் யார்? வாடகை கட்ட முடியாதவர்கள், படிப்புச் செலவுக்குத் திண்டாடும் மாணவர்கள், சம்பளம் பத்தாதவர்கள். மெக்சிகோவின் எல்லையோர ஊர்களிலிருந்து விசா வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்து கொடுத்துவிட்டுப் போனவர்களும் இருந்திருக்கிறார்கள். 2021-இல் அமெரிக்க அரசு அதைத் தடுத்தது. அடுத்த வருஷமே நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது.

இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. அங்கே சம்பள நாள் கடன் என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் மீட்டர் வட்டிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்க. பிளாஸ்மா மையம் திறந்த இடங்களில், இளம் வயதுக்காரர்கள் அந்தக் கடன் கேட்டுப் போவது குறைந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதாவது, கடனுக்கு ஒரு கதவு, பிளாஸ்மாவுக்கு ஒரு கதவு. இரண்டையும் தட்டுவது ஒரே ஆள்தான். கையில் அவசரத்துக்கு நாலு காசு இல்லாத ஆள். எங்கள் அப்பாவும் அந்த ஆள்தான்.

சீனாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990-களின் முற்பகுதியில் ஹெனான் என்ற மாகாணத்தில் ஏழை விவசாயிகளிடம் காசு கொடுத்துப் பிளாஸ்மா எடுத்தார்கள். வீடு கட்ட வேண்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று ஊர் ஊராக ஜனங்கள் போய்க் கொடுத்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே குரூப்காரர்கள் பல பேருடைய ரத்தத்தை ஒன்றாகக் கலந்து, பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைப் பங்கு போட்டுத் திரும்ப அவர்கள் உடம்பிலேயே ஏற்றினார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் போதும், எல்லோருக்கும் பரவியது. ஊருக்கு ஊர் சாவு. காவ் யாவ்ஜியே என்ற ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர், ஒரு பெண்தான், 1996-இல் ஒரு நோயாளியைப் பார்த்து இதைக் கண்டுபிடித்து, தன் சொந்தக் காசில் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகக் கொடுத்தார். அதிகாரிகள் அவரைத் தொல்லை செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 2009-இல் நாட்டைவிட்டே போக வேண்டி வந்தது. 2023-இல் தன் 95-வது வயதில் அமெரிக்காவில் காலமானார்.

நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டில் ரத்தத்தைக் காசுக்கு விற்கக் கூடாது. ஒரு பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் தொழில்முறை ரத்தம் விற்பதற்குத் தடை. ரத்த வங்கிகள் பரிசோதனைக்கும் பதப்படுத்துவதற்கும் ஆகும் கட்டணத்தைத்தான் வாங்கலாம். ரத்தத்துக்கு விலை இல்லை. அந்த ஆஸ்பத்திரி வாசல் ஆள் செய்வது சட்ட விரோதம். சட்டம் வந்தும் அவன் இருக்கிறான். 2008-இல் உத்தரப்பிரதேசத்தில் கோரக்பூரில், ஏழைகளைக் கொட்டகையில் அடைத்து வைத்து ரத்தம் எடுத்து விற்றவர்களைப் போலீஸ் பிடித்தது. தடை வந்து பத்து வருஷம் கழித்து நடந்தது அது.

உடம்பை விற்றால் கடன் தீருமா? இதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் நம் சென்னையிலேயே இருக்கிறது. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் தேடிப் பிடித்துக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 2002-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். விற்று சராசரியாக ஆறு வருஷம் கழித்துக் கேட்டபோது, நாலில் மூன்று பேர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து போயிருந்தது. "வேற யாராவது விற்கப் போனா என்ன சொல்வீங்க?" என்று கேட்டதற்கு நூற்றுக்கு 79 பேர் "வேண்டாம்னுதான் சொல்வோம்" என்றார்கள். 2025-இல் நம் பக்கத்து பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் பேப்பரில் வந்ததே, அதையும் நினைத்துப் பாருங்க. வருஷம் மாறுகிறது. காரணம் அதே கடன்தான்.

உழைக்கிறவர்களுக்கு உடம்புதான் முதல். முதலை விற்றுத் தவணை கட்டினால், அடுத்த தவணைக்கு என்ன இருக்கும்?

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு, அந்தத் தங்கச்சிக்கு நல்ல புத்தி சொல்லலாம் என்று கிளம்பினேன். போகும் முன் அவளுடைய கடன் கணக்கைப் பார்ப்போம் என்று எங்கள் குழுத் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினேன். உறவுகளே, இதைச் சொல்லத்தான் இன்றைக்கு இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

அவள் என் வீட்டுக்கு வருவதற்கு ஐந்து வாரம் முன்னால் நடந்த கூட்டத்தின் தீர்மானம். "மேற்படி உறுப்பினர் மூன்று தவணை பாக்கி வைத்துள்ளபடியால், அவர் கேட்டுள்ள ஆறாயிரம் ரூபாய் உள்கடன் வழங்க இயலாது எனத் தீர்மானிக்கப்பட்டது. அனைவரும் ஏற்றுக்கொண்டனர்." என் கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். எல்லோரும் போட்டிருந்தார்கள். கடைசிக் கையெழுத்து அந்தத் தங்கச்சியுடையது. தனக்குக் கடன் இல்லை என்ற தீர்மானத்தில் அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டு, எதுவும் பேசாமல் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏன் மூன்று தவணை கட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தறி நின்று போய் அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு மாசமாக வேலை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெளியில் ஒரு பைனான்ஸில் வாரத் தவணைக் கடன். வசூலுக்கு வருகிற ஆள், காசு வைக்கிற வரைக்கும் வாசலை விட்டு நகர மாட்டான். குழுவில் பாக்கி வைத்தால் நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவன் தெருவே கேட்கும்படி கத்துவான். அதனால் அவனுக்குக் கட்டிவிட்டு எங்களுக்குப் பாக்கி வைத்தாள்.

ஒழுங்காகத் தவணை கட்டாதவருக்குக் கடன் இல்லை என்பது நல்ல விதிதான். குழு நிலைக்க வேண்டுமென்றால் அது வேண்டும். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் கதவை அடைத்தோம், அவள் நேராக ரத்த புரோக்கரிடம் போய் நின்றாள். எங்கள் அம்மா "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா" என்று அழுதார்களே, அந்தக் குழு இந்தத் தங்கச்சிக்கு வந்துதான் இருந்தது. வந்தும் பயன்படவில்லை. அதற்கு முதல் பொறுப்பு தீர்மானம் எழுதிய என்னுடையது. அவள் வீட்டுக்குப் போய்ப் புத்தி சொல்லவில்லை. மன்னிப்புத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு குழுவிலும் கூட்டமைப்பிலும் பேசி மூன்று முடிவு எடுத்தோம். புதிதாக வந்திருக்கும் குழுக்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

ஒன்று. தவணை இரண்டு மாசம் தவறினால், தீர்மானம் எழுதுவதற்கு முன் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வசூலுக்குப் போவதாக இருக்கக் கூடாது. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கப் போக வேண்டும்.

இரண்டு. கூட்டமைப்பு நிதியிலிருந்து அவசரக் கடன். ஐயாயிரம் ரூபாய் வரை. ஆஸ்பத்திரிச் செலவு, வேலை நின்று போவது, சாவு, இந்த மாதிரிக் காரியத்துக்கு. அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மூன்று நிர்வாகிகள் கையெழுத்துப் போட்டால் மறுநாளே கிடைக்கும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாசத் தவணை. பழைய பாக்கி இருந்தாலும் கொடுக்கலாம்.

மூன்று. வெளியில் வாரத் தவணைக் கடன் யார் யாருக்கு இருக்கிறது என்று, கூச்சப்படாமல் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு குழுவிலும் பட்டியல் எடுப்பது. அடுத்த வங்கிக் கடன் வரும்போது முதலில் அதை அடைக்க வழி செய்வது. வங்கி மேலாளர் ஐயா இதற்கு ஒத்துழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் வைத்தே நன்றி சொல்லிவிடுகிறேன். ஐயா மறக்க முடியாது.

(கைதட்டல்)

அந்தத் தங்கச்சி அவசரக் கடன் வாங்கி இன்றைக்கு ஏழு தவணை கட்டிவிட்டாள். பழைய பாக்கியில் இரண்டும் கட்டிவிட்டாள். இன்னும் ஒன்று இருக்கிறது. அது வரும்.

கடைசியாக ஒரு வேலை. அவளை மருத்துவர் அம்மாவிடம் கூட்டிப் போனபோது ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. "நீங்களும் கையைக் காட்டுங்க" என்று மருத்துவர் அம்மா என்னையும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு 10.2. நான் திடமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசாகிவிட்டது என்று விட்டிருந்தேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019 முதல் 2021 வரை எடுத்ததில், நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தலில் உங்கள் வலது பக்கம் ஒருத்தர், இடது பக்கம் ஒருத்தர் இருக்கிறார்கள். பாதிப் பேர் வெளுத்துப் போய்த்தான் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சம் இருப்பதை வழித்துச் சாப்பிடுகிறோமே, அதன் கணக்கு இது.

ரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். வயது 18-லிருந்து 65. ஆண்கள் மூன்று மாசத்துக்கு ஒரு முறை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு முறை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் கொடுக்கக் கூடாது. பிரசவம் ஆகி ஒரு வருஷமாவது போக வேண்டும். மாதவிலக்கு நாளிலும் வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்காதீங்க. வயிறு பிடித்துக்கொள்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தாதீங்க, மருத்துவரிடம் கேளுங்க. மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடிக்காதீங்க, சத்து ஏறாது. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் நன்றாக ஏறும். முருங்கைக்கீரை எந்த வீட்டு வேலியில் இல்லை? மருத்துவர் சொன்னால் பூச்சி மாத்திரையும் போட்டுக்கொள்ளுங்க.

நானும் அந்தத் தங்கச்சியும் ஒரே நாளில் மாத்திரை ஆரம்பித்தோம். தினமும் ராத்திரி "போட்டாச்சா அக்கா?" என்று அவள்தான் போன் செய்வாள். அவளுக்கு இப்போது 10.9. எனக்குப் போன மாசம் 12.6 வந்தது.

மாசி மாசம் நம் கூட்டமைப்பு நடத்திய ரத்ததான முகாமில் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ரத்தம் கொடுத்தேன். அவளுக்கு இன்னும் கொடுக்க முடியாது. என் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்தும்போது முழங்கை மடிப்பைப் பார்த்தேன். எங்கள் அப்பாவுக்கு அந்த இடத்தில் தழும்பு தழும்பாக இருக்கும். எப்போதும் துண்டைப் போட்டு மறைத்துக்கொள்வார். முடிந்ததும் ஒரு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தார்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கொடுப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். முதல் வரியில் பெயர் என்று இருந்தது. பேனாவை எடுத்தவளுக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. பக்கத்திலிருந்த நர்ஸ் பொண்ணு, "என்னம்மா, பயமா இருக்கா? பேரை எழுதுங்க" என்றது. என் சொந்தப் பெயரை எழுதினேன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் உண்மையான பெயரை எழுதினேன்.

அடுத்த முகாம் அக்டோபர் 1, தேசியத் தன்னார்வ ரத்ததான தினத்தன்று. இன்றைக்கு வெளியில் போகும்போது இடது பக்கம் மேசை போட்டிருக்கிறோம், எல்லோரும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுப் போங்க. 12.5 இருக்கிறவர்கள் பெயர் கொடுங்க. இல்லாதவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு போங்க. தவணை கட்ட முடியாமல் தவிக்கிறவர்கள் யாராவது இந்தப் பந்தலில் இருந்தால், யார் காதிலும் விழாமல் என்னிடம் வந்து சொல்லுங்க. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வாசலுக்கு வாங்க.